கோமதி எழுதிய பதினான்கு படிவங்கள்

கள ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மாதிரி எடுக்கவும் அட்டவணை போடவும் சொல்லித்தர நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஓய்வு பெற்ற ஒருத்தி உங்கள் முன்னால் உட்கார்ந்து தன் வெற்றிகளைப் பேசுவதும் வீண். அவையெல்லாம் அறிக்கைகளில் அச்சாகி அலமாரிகளில் இருக்கின்றன. அச்சாகாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண்ணைப் பொய் எழுதியவள் என்று சொல்லி வேலையிலிருந்து அனுப்பினேன். அவள் எழுதிக்கொண்டு வந்தது அத்தனையும் உண்மை.

இது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் நடந்தது. திருப்பூர் அப்போது தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை. எந்த அரசுக் காரியத்துக்கும் கோயம்புத்தூர்தான் போக வேண்டும். ஏழைக் குடும்பங்களின் சாப்பாட்டில் ரேஷன் அரிசிக்கு என்ன இடம், அது யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. மூலனூர்ப் பக்கத்து மானாவாரி ஊர்கள், சாமளாபுரத்துத் தறிக்காரர் தெருக்கள், திருப்பூரில் பனியன் கம்பெனிகளைச் சுற்றியுள்ள லைன் வீடுகள் என்று மூன்று இடங்கள். நான் களப் பொறுப்பாளர். என் கீழே ஆறு பேர் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினார்கள்.

அவர்களில் ஒருத்தி கோமதி. சேவூர்க்காரி, எம்.ஏ. பொருளாதாரம் படித்தவள். வீட்டில் நிலம் உண்டு. அவளுடைய சித்தப்பா திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தார். கணக்குப் பிள்ளையாக அங்கேயே போய் உட்காரலாமே என்று வீட்டில் சொன்னதைக் கேட்காமல் எங்களிடம் வந்தவள். மொபெட்டில் காலை எட்டு மணிக்கே தெருவுக்குள் போய்விடுவாள். மற்றவர்கள் ஒரு வீட்டில் இருபது நிமிடம் இருந்தால் இவள் முக்கால் மணி நேரம் இருப்பாள். அதனால் தினமும் இவளுடைய படிவங்கள்தான் எண்ணிக்கையில் குறையும். நான் அதற்காக இரண்டு முறை கடிந்துகொண்டதும் உண்டு.

களப்பணி முடிகிற வாரம். வாடகை அறையில் இரண்டு கணினிகளை வைத்துப் படிவங்களைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். பதிவு செய்யும் பையன்களில் ஒருவன் படிவக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மேடம், இதைப் பாருங்க. பதினாலு வீடும் ஒண்ணு போல இருக்கு."

கோமதியின் கையெழுத்து. மங்கலம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரே காம்பவுண்டுக்குள் இருந்த பதினான்கு வீடுகள். ஆள் பெயர், வயது, வேலை எல்லாம் வேறு வேறு. ஆனால் சாப்பாட்டுப் பகுதிக்கு வந்தால் வாரத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, இவ்வளவு எண்ணெய் என்று பதினான்கிலும் ஒரே எண்கள். தக்காளிகூட மாறவில்லை. ஒரே பேனா. எல்லாம் ஒரே தேதி.

இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டால் உங்களுக்கும் இந்த மூக்கு வந்துவிடும். டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பிய படிவம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன் இரண்டு பேரை அப்படிப் பிடித்திருக்கிறேன். அந்த இரண்டு முறையும் நான் நினைத்ததுதான் சரியாக இருந்தது. மூன்றாவது முறை என்னைக் கவிழ்த்தது அந்தப் பெருமைதான்.

கோமதியைக் கூப்பிட்டேன். அறையில் எல்லாரும் இருந்தார்கள். அவர்களை வெளியே அனுப்ப வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"இந்தப் பதினாலு வீட்டுக்கும் நீ போனியாம்மா?"

"போனேனுங்க மேடம்."

"பதினாலு வீட்டிலும் ஒரே அளவா சாப்பிடுறாங்க?"

"எனக்கும் மொதல்ல அப்படித்தானுங்க தோணுச்சு. அவங்க எல்லாரும் சேந்து..."

"சேர்ந்து உனக்கு ஒரே பதிலைச் சொன்னாங்களா?" என்றேன். யாரோ சிரித்தார்கள். கோமதியின் முகம் சிவந்துவிட்டது. அவள் சொல்ல வந்ததை நான் கேட்டிருந்தால் விஷயம் அந்த நிமிடமே முடிந்திருக்கும். ஆனால் திங்கட்கிழமை கோயம்புத்தூரில் அதிகாரிகள் முன்னால் முதல் முடிவுகளை வைக்க வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. சென்னையிலிருந்து எங்கள் இயக்குநர் காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார். எனக்கு வேண்டியதெல்லாம் சுத்தமான தரவு.

"நீங்களே ஒருக்கா வந்து பாத்துருங்க மேடம். பக்கந்தானுங்க" என்றாள்.

"நேரமில்லை கோமதி. நீ நாளையிலிருந்து வர வேண்டாம்."

அடையாள அட்டையையும் பையையும் மேஜைமேல் வைத்தாள். அழவில்லை. கதவு வரை போனவள் திரும்பி வந்து சொன்னாள்: "என் வேலை போனாப் போகுதுங்க. அந்த ஊடுகளை மட்டும் எடுத்துப்போடாதீங்க. அவங்களப் பத்தி வேற யாரும் எழுதலீங்க."

அவள் போன பிறகு பதினான்கு படிவங்களையும் பதிவிலிருந்து நீக்கச் சொன்னேன்.

சனிக்கிழமை அட்டவணைகள் வந்தன. திருப்பூருக்குக் குடிவந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ரேஷன் கார்டு இருப்பதாக ஓர் அட்டவணை சொன்னது. ஆனால் அவர்களில் மிகப் பலர் அரிசியைக் கடையில் காசு கொடுத்து வாங்கினார்கள். இயக்குநர் அதற்குத் தயாராக ஒரு வரி எழுதியிருந்தார்: குடிவந்த தொழிலாளர்கள் ரேஷன் அரிசி தேவைப்படாத அளவுக்கு வருமானம் உள்ளவர்கள். படிக்க அழகாக இருந்தது. மூலனூரில் கிணறு வற்றிப்போய் ரேஷன் அரிசியையே நம்பியிருந்த வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, திருப்பூரிலாவது ஜனங்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று கேட்க ஆசையாகவும் இருந்தது.

எங்கள் விதிப்படி, ஒரு வீட்டை நீக்கினால் அதே தெருவில் மாற்று வீட்டைப் பொறுப்பாளர்தான் நேரில் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சந்துக்குப் போனேன். கோமதி சொன்னதைச் சரிபார்க்கப் போனேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். அது உண்மையில்லை.

காம்பவுண்டு கதவு திறந்திருந்தது. எதிரும் புதிருமாக ஏழு ஏழு கதவுகள், நடுவில் துணி காயும் கொடிகள். ஞாயிறு என்பதால் எல்லாரும் இருந்தார்கள். பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பெரிய விறகு அடுப்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. கல்யாண வீட்டில் வைப்பது போன்ற பானையில் உலை கொதித்தது. ஐந்தாறு பெண்கள் சுற்றி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரத் தேடுதிய?" என்று கரண்டியோடு நிமிர்ந்தாள் ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை. பெயர் ஜெபராணி என்று பிறகு சொன்னாள்.

கணக்கெடுப்பு ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றேன்.

"அந்த மொபெட்டுப் பிள்ள வரலியா? நல்ல பிள்ளயாக்கும். அன்னைக்குப் பூரா இங்கனதான் கெடந்துச்சு."

"இங்கே இன்னைக்கு ஏதாவது விசேஷமா?" என்று பானையைக் காட்டிக் கேட்டேன்.

பெண்கள் சிரித்தார்கள். "விசேசமா? தெனமும் இதே பானதான்க்கா" என்றாள் ஜெபராணி.

'அவங்க எல்லாரும் சேந்து' என்று கோமதி தொடங்கியது நினைவுக்கு வந்தது. கீழே உட்கார்ந்தேன். அவள் உலையைக் கிளறியபடி சொன்னாள். எல்லாரும் தெற்கே சாத்தான்குளம், ராதாபுரம் பக்கத்துக் குடும்பங்கள். மழை இல்லாமல் ஊரில் வேலை போன பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தவர்கள். கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு வேலை. சமைக்க நேரமில்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை மண்ணெண்ணெய். கார்டு இருந்தால்தான் அது கிடைக்கும். கார்டு இருக்கிறது, ஆனால் ஊரில் இருக்கிறது.

"எனக்குப் பஞ்சு தூசியில மூச்சு முட்டும்க்கா. கம்பெனிக்குப் போவ முடியாது. இந்தா, இவளுக்குக் கைப்பிள்ள. நாங்க ரெண்டு பேரும் இருந்து எல்லாருக்கும் பொங்கிருவோம். பதினாலு அடுப்பு எதுக்கு?"

"அரிசி?"

"ஊருக்குப் போறவிய அவிய அவிய கார்டு அரிசிய மூட்டகட்டி பஸ்ஸுல போட்டுக் கொண்டாருவாவ. எல்லாம் அந்த டிரம்முலதான் விழும். அது பத்தாது. மூணாவது வாரம் காலியாயிரும். பெறவு கடயிலதான் வாங்கணும். அந்தப் பிள்ள வீட்டுக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவுன்னு கேட்டுச்சு. எனக்கு வீட்டுக் கணக்குத் தெரியாதும்மா, பானக் கணக்குத்தான் தெரியும், வேணும்னா பதினாலாப் பிரிச்சுக்கோன்னு சொன்னேன். இந்தத் திண்டுல இருந்துதான் பிரிச்சுப் பிரிச்சு எழுதுச்சு."

நான் டிரம்மை எட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் அரிசி கிடந்தது. மற்ற லைன் வீடுகளில் எங்கள் ஆட்கள் கார்டு இருக்கிறதா என்று கேட்டிருப்பார்கள். இருக்கிறது என்று பதில் வந்திருக்கும். ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள். எங்கே இருக்கிறது என்று கோமதி ஒருத்திதான் கேட்டிருக்கிறாள்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்தச் சோற்றைச் சாப்பிட எனக்கு முகமில்லை; தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அறைக்கு ஓடினேன். நீக்கிய படிவக் கட்டை எடுத்தேன். எங்கள் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் குறிப்பு எழுத நான்கு கோடுகள் விட்டிருப்போம். அதை யாரும் கணினியில் ஏற்றுவதில்லை. முதல் படிவத்தின் அந்த நான்கு கோடுகளில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள்: இவர்கள் பதினான்கு வீட்டாரும் பொதுவில் சமைக்கிறார்கள். அரிசி ஊரிலிருந்து வருகிறது. பயிற்சியில் சொன்ன விளக்கப்படி இது ஒரே குடும்பமா, பதினான்கா? மேடத்திடம் கேட்க வேண்டும்.

பயிற்சியில் அந்த விளக்கத்தைச் சொன்னவள் நான்தான். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்று கரும்பலகையில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

அவினாசி போய் அங்கிருந்து சேவூர் பஸ் பிடித்தேன். கோமதியின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தபோது மதியம் தாண்டியிருந்தது. வாசலில் அவள் அப்பா கடலைக்கொடியை உதறிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் அவருடைய கை நின்றது.

"ஏனுங் அம்மணி, எங்க புள்ள பொய் எழுதுச்சுன்னு நாலு பேர் முன்னால சொன்னீங்களாமா?"

"சொன்னேனுங்க."

"நாங்க அப்படி வளக்கலீங்களே."

"இல்லைங்க. தப்பு என் மேலதான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். கோமதி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை. அவள் பார்க்க, அவள் அப்பா முன்னாலேயே, அந்தக் காம்பவுண்டில் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை.

"அந்த ஊடுகள மறுபடி சேத்தீட்டீங்களா மேடம்?" என்றுதான் கேட்டாள்.

"இன்னும் இல்லை. எப்படிச் சேர்ப்பதுன்னுதான் தெரியலை. ஒரே குடும்பம்னு போட்டா பதினாலு வீட்டுக் கஷ்டம் ஒண்ணாச் சுருங்கிடும். பதினாலுன்னு போட்டா நாம வகுத்த விதிக்கே முரண்."

"ரெண்டையும் போட்டுருங்க. கதவு எத்தன, அடுப்பு எத்தனன்னு. நாம இப்போதைக்கு எதையும் முடிவு பண்ண வேண்டாமுங்க."

அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. நாளைக்குக் கூட்டத்துக்கு வருவாயா என்று கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். "போய்ட்டு வா கண்ணு. அங்கயும் நாலு பேர் இருப்பாங்கல்ல" என்றார் அவர்.

சாயங்காலம் அவினாசியில் ஒரு டெலிபோன் பூத்திலிருந்து இயக்குநருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சரி, அடிக்குறிப்பில் போட்டுவிடுவோம். அட்டவணையை இப்போது தொட வேண்டாம்." அவர் கெட்ட மனிதர் இல்லை. இந்த வேலையின் பாதியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஆனால் அடிக்குறிப்பை எந்த அதிகாரியும் படித்து நான் பார்த்ததில்லை. அந்த ஒரு வரி மேலே போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். வெளியூர்த் தொழிலாளிக்கு அரிசி தேவையில்லை என்று நாங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பூத்துக்காரர் மீட்டரைக் காட்டும்வரை ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

கூட்டத்தில் இயக்குநர் பேசினார். குடிவந்தவர்கள் பற்றிய அட்டவணை திரையில் வந்தது. அவர் அந்த வரியைப் படிப்பதற்கு முன் நான் எழுந்துவிட்டேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த அட்டவணை தவறு. பதினான்கு படிவங்களை நான்தான் பொய் என்று நினைத்து நீக்கினேன். அவை பொய் இல்லை. இந்த வரியை நாங்கள் சொல்லக் கூடாது."

இயக்குநர் என்னைப் பார்க்கவே இல்லை. உணவு வழங்கல் துறையிலிருந்து வந்திருந்த அதிகாரி, வயதானவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தப் படிவங்களை எழுதினது யாரு?"

கோமதி எழுந்தாள். பானையையும் டிரம்மையும் பஸ்ஸில் வரும் மூட்டைகளையும் பற்றி ஐந்து நிமிடம் சொன்னாள். ஒரு வார்த்தை அதிகமில்லை.

"இப்படி இன்னும் எத்தனை இடம் இருக்கும்மா?"

"தெரியாதுங்க சார்."

"தோராயமா?"

"தோராயமாச் சொன்னா அதுவும் பொய்யாப் போயிருமுங்க. நாங்க தேடலீங்க. கதவத்தான் எண்ணுனோம், அடுப்ப எண்ணலீங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். கேலியாகச் சிரிக்கவில்லை. "தேடிட்டு வாங்க. ஒரு மாசம் போதுமா?" என்றார்.

திரும்பும்போது காரில் சூலூர் தாண்டியதும் இயக்குநர் சொன்னார்: "ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்காது. ஒரு வருஷம் கழித்துச் சொல்லியிருந்தால் அறிக்கையே போயிருக்கும். பரவாயில்லை." அந்தப் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

ஒரு மாதம் தேடினோம். படிவத்தில் இரண்டே கேள்விகளைச் சேர்த்தோம்: உங்கள் கார்டு எந்த ஊரில் இருக்கிறது? இன்று சாப்பிட்ட சோற்றின் அரிசி எங்கிருந்து வந்தது? இரண்டும் கோமதி எழுதியவை. கேட்கக் கேட்கப் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. பொது அடுப்புகள் வேறு சந்துகளிலும் இருந்தன. அடுப்பே இல்லாமல் பன்னிலும் டீயிலும் இரவைத் தள்ளியவர்களும் இருந்தார்கள். அறிக்கையில் அந்த அட்டவணை முழுக்க மாறியது. வருமானம் பற்றிய அந்த வரி காணாமல் போனது.

அறிக்கை ஒன்றால் ஊர் மாறிவிடாது. அது உங்களுக்கும் தெரியத்தான் போகிறது. ஆனால் அந்த அதிகாரி ஒரு காரியம் செய்தார். இருப்பிடத்துக்குச் சான்றாக வீட்டு உரிமையாளரின் கடிதம் கொண்டுவந்தால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பாமல் வாங்கும்படி கீழே உள்ள அலுவலகங்களுக்குச் சொல்லிவைத்தார். காம்பவுண்டில் இதைச் சொன்னபோது பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். ஊர்க் கார்டில்தான் அவர்களுடைய அப்பா அம்மா சாப்பிடுகிறார்கள்; அதைத் தொட அவர்களுக்கு மனமில்லை. மீதிப் பேர் தங்கள் பெயரை மட்டும் அங்கே நீக்கிவிட்டு இங்கே புதிதாகக் கேட்கத் துணிந்தார்கள். அவர்களுக்கு உரிமையாளர் கடிதம் தர மறுத்தார்.

"கார்டு வாங்கிப்போட்டா அப்பறம் காலி பண்ண மாட்டாங்க அம்மணி" என்றார் அவர் கோமதியிடம்.

"ஏனுங்க மாமா, எட்டு வருசமா வாடகை தப்பாம குடுத்துட்டு இருக்கறவங்க. அவங்க காலி பண்ணீட்டா நீங்கதான் ஆள் தேடோணும்" என்றாள் கோமதி. அவர் நான்கு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அலைந்து திரிந்து, நடுவில் ஒரு முறை விண்ணப்பங்கள் தொலைந்துபோய், மறுபடி எழுதிக் கொடுத்து, கடைசியில் ஐந்து குடும்பங்களுக்குக் கார்டு வந்தது. முதல் மாதம் அரிசி வாங்கப் போன அன்று நானும் கோமதியும் ஜெபராணியோடு போனோம். ரேஷன் கடை அவர்கள் காம்பவுண்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருந்தது. வரிசையில் நின்றபோது ஜெபராணி கார்டை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். எடை போட்டுக் கொட்டியதும் பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இந்தத் தெரு வழியாத்தான் எங்க வீட்டுக்காரர் தெனமும் கம்பெனிக்குப் போறாவ" என்றாள். "இவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு!"

கோமதி பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். ஜெபராணி கொடுக்கவில்லை. வெயிலில் எங்களுக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். நாங்கள் காம்பவுண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உலை வைத்துவிட்டிருந்தாள். அன்றைக்கு நான் அங்கே சாப்பிட்டேன்.